தட்டணு இறங்கும்போது: ஆன்டிபயாட்டிக்கைத் தொடர்வதா, குறைப்பதா, மாற்றுவதா?

அப்பா மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணைக் கண்டால் குறித்துவைக்காமல் அவரால் இருக்க முடியாது. நீரிழிவுக்காரரான அவருக்குக் கால்விரல் எலும்பில் சீழ் பிடித்து, லினசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து, கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனை முடிவையும் பென்சிலால் எழுதி ஒரு கிளிப்பில் மாட்டிவைத்திருந்தார். முதல் நாள் தட்டணு, அதாவது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட், 2,62,000. எட்டாம் நாள் 2,10,000. பதினைந்தாம் நாள் 1,24,000. பதினெட்டாம் நாள் 92,000. ஆறு வார மருந்தில் இன்னும் மூன்றரை வாரம் மிச்சம் இருந்தது.

அன்று மாலை வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. அண்ணன் மாத்திரையை அந்த நிமிடமே நிறுத்தச் சொன்னார். அத்தை பப்பாளி இலை பறித்துவர ஆள் அனுப்பினார். சித்தப்பா, "ரத்த வங்கியில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், ஏற்றிவிடலாம்" என்றார். நான் மருத்துவமனை மருந்தகத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்ப்பவள். எனக்கும் முதலில் தோன்றியது ஒரே வரிதான்: வேறு மருந்துக்கு மாற்று. அப்பா மட்டும் தாள்களைப் புரட்டிக்கொண்டே, "ஒரு ரீடிங்கை வைத்து மீட்டர் தாறுமாறாக ஓடுகிறது என்று எவனும் எழுத மாட்டான் பாப்பா. முந்தின ரீடிங் என்ன, நடுவில் வீட்டில் புதிதாக என்ன மாட்டினார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்" என்றார்.

மீட்டரைப் பற்றிச் சொன்னதுதான் தட்டணுவுக்கும் சரி. 92,000 என்ற எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. எந்த மருந்து, தொடங்கி எத்தனையாவது நாள், எண்ணிக்கை சரிவாக இறங்கியதா, செங்குத்தாக விழுந்ததா என்ற மூன்றும் தெரிந்தால்தான் எந்த வழி சரி என்ற பேச்சையே தொடங்கலாம். நான் மருத்துவர் அல்ல. இங்கே சொல்வது மருத்துவரிடம் என்ன கேட்கலாம், அவர் எதை எதோடு வைத்து நிறுக்கிறார் என்பதைத்தான்.

டெங்குக் கணக்கு இங்கே உதவாது

தட்டணு என்ற சொல்லை நம் ஊரில் வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது டெங்கு. காலையில் ஒரு பரிசோதனை, மாலையில் ஒரு பரிசோதனை, இலைச்சாறு, எண் ஏறினால் நிம்மதி என்று ஒரு பழக்கமே ஊறிப்போய்விட்டது. டெங்குவில் வைரஸ் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். எண்ணிக்கை சில நாட்களில் தானே ஏறும். இடையில் நாம் குடித்த எதற்கும் அந்தப் புகழ் போய்ச் சேரும். மருந்தால் இறங்கும் தட்டணு அப்படியில்லை. காரணத்தை நாமே வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருக்கிறோம். அது உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை எந்தச் சாறும் அதை ஈடுகட்டாது.

ஆன்டிபயாட்டிக் தட்டணுவைக் குறைப்பது பெரும்பாலும் இரண்டு விதத்தில். ஒன்று, உற்பத்தி மந்தமாவது. லினசோலிட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2000-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து, பாக்டீரியா புரதம் செய்யும் ரைபோசோமைப் பிடித்து நிறுத்துகிறது. நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியாவுடையதைப் போலவே இருப்பதால், நாட்பட நாட்பட எலும்பு மஜ்ஜையும் அடி வாங்குகிறது. தட்டணுவின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். ஆலை மெதுவானாலும் கிடங்கில் இருக்கும் சரக்கு ஒரே நாளில் தீர்ந்துவிடாது. அதனால்தான் இறக்கம் பெரும்பாலும் பத்துப் பதினான்கு நாளுக்குப் பிறகு, படிப்படியாகத் தெரிகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது முன்னதாகவும் வரும், அதிகமாகவும் வரும். சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் அப்பாவுக்கு 1.9. மருந்தை நிறுத்தினால் ஆலை மறுபடி ஓடும். ஒன்றிரண்டு வாரத்தில் எண்ணிக்கை பெரும்பாலும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்று, உற்பத்தி சரியாக நடக்க, வெளியே அழிவது. மருந்து தட்டணுவின் மேற்பரப்பில் ஒட்டும்போது மட்டும் வந்து பிடிக்கும் எதிர்ப்பொருளை உடல் உருவாக்கிக்கொள்கிறது. வான்கோமைசின், பிப்பரசிலின், செஃப்ட்ரியாக்சோன், கோட்ரைமாக்சசோல், விட்டு விட்டுச் சாப்பிடும் ரிஃபாம்பிசின் ஆகியவை இந்தப் பட்டியலில் அடிக்கடி வரும் பெயர்கள். இதில் சரிவே கிடையாது. மருந்து தொடங்கி ஐந்து முதல் பத்து நாளுக்குள் ஒரே நாளில், இரண்டே நாளில், 20,000-க்குக் கீழே விழும். முன்பே அந்த மருந்து உடலில் போயிருந்தால் சில மணி நேரத்திலேயே விழலாம். வான்கோமைசினால் இப்படி எதிர்ப்பொருள் உண்டான 34 நோயாளிகளைப் பற்றி 2007-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அவர்களுடைய தட்டணு சராசரியாக 13,600 வரை இறங்கியிருந்தது. மூன்றில் ஒருவருக்குக் கடுமையான ரத்தக்கசிவு.

அதை ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். வார்டில் மருந்துப் பட்டியல் சரிபார்க்கப் போனபோது, வான்கோமைசின் ஒன்பதாம் நாளில் இருந்த ஒரு லாரி ஓட்டுநர், "வாயில் ஏதோ தட்டுப்படுகிறது" என்றார். உள் கன்னத்தில் கறுப்புத் திராட்சை மாதிரி இரண்டு ரத்தக் கொப்புளங்கள். முழங்காலுக்குக் கீழே ஊசியால் குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள். முந்தின நாள் 1,80,000 இருந்த தட்டணு அன்று காலை 11,000. அங்கே யாரும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. டிரிப்பை அந்த இடத்திலேயே மூடினார்கள்.

செங்குத்தாக விழுந்தால் கட்டுரையின் மீதிப் பகுதியே தேவையில்லை. நிறுத்துவது ஒன்றுதான் வழி. கீழே வரும் ஒப்பீடு சரிவாக இறங்குபவர்களுக்கு.

ஒப்பிடும் முன், எண் மெய்யா?

லேப்பில் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுக்கிறார்களே, அதில் ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு பூசியிருக்கும். சிலருடைய தட்டணுக்கள் அந்த உப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அந்தக் கொத்தை எண்ணத் தெரியாமல் விட்டுவிடும். உடம்பில் இரண்டு லட்சம் இருக்க, ரிப்போர்ட்டில் 40,000 என்று வரும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி (இதுதான் ஸ்மியர்) நுண்ணோக்கியில் பார்த்தால் கொத்து தெரியும். சோடியம் சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்து எண்ணினால் உண்மை வெளிவரும். குழாயில் உள்ள திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால் வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்கிக்கொள்வார்கள். சில ரூபாய்ச் செலவில் தீரும் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல், ஓடிக்கொண்டிருந்த நல்ல மருந்தை மாற்றியவர்கள் உண்டு. "ஸ்மியர் பார்த்தீர்களா?" என்ற ஒரே கேள்வியை எந்தக் குடும்பத்தாரும் கூச்சப்படாமல் கேட்கலாம்.

அப்பாவுக்கு ஸ்மியரில் கொத்து எதுவும் இல்லை. எண் மெய்.

அடுத்து, குற்றவாளி ஆன்டிபயாட்டிக்தானா? ரத்தத்தில் கிருமி பரவினாலே தட்டணு இறங்கும். அப்போது மருந்தை நிறுத்துவது எரியும் வீட்டில் தண்ணீரை நிறுத்துவது போலாகும். படுக்கையில் இருப்பவருக்கு ரத்தம் கட்டாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசியும் சிலருக்கு ஐந்து முதல் பத்து நாளில் எண்ணிக்கையைப் பாதியாக்கிவிடும். விசித்திரம் என்னவென்றால், அதில் ரத்தக்கசிவைவிட ரத்தம் உறைவதுதான் ஆபத்து. அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை, புண் காய்ந்து வந்தது, ஹெப்பாரின் போடவில்லை. சரிவு, பதினெட்டாம் நாள், பழுதான சிறுநீரகம் என்று மூன்றுமே லினசோலிட்டைத்தான் காட்டின.

தொடர்வது

கேட்டால் பலர் திடுக்கிடுவார்கள். ஆனால் சரிவில் இருப்பவருக்கு இது ஒரு நேர்மையான வழி, சில வேளைகளில் சிறந்த வழியும்கூட. 1,50,000-க்குக் கீழே போனாலே குறைவு என்று ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து விழுந்தாலும், 50,000-க்கு மேல் இருக்கும்வரை தானாக ரத்தம் கசிவது அரிது. லினசோலிட் சாப்பிடுபவர்களுக்கு வாரம் ஒருமுறை ரத்த எண்ணிக்கை பார்க்கச் சொல்கிறார்கள். இறக்கம் தொடங்கிவிட்டால் அதை வாரம் இரண்டு முறை, மூன்று முறை ஆக்கலாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை விலக்கலாம். ஈறு, மூக்கு, மலத்தின் நிறம், முழங்காலின் கீழ்ப்பகுதி ஆகியவற்றைத் தினமும் பார்க்கலாம்.

எல்லாம் மிச்சமிருக்கும் நாட்களைப் பொறுத்தது. அப்பா கணக்குப் போட்டார்: "மூன்று நாளில் 32,000 குறைந்திருக்கிறது. நாளொன்றுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். இரண்டு நாள் மருந்துதான் பாக்கி என்றால் எழுபதாயிரத்தில் முடித்துக்கொள்ளலாம். ஒரு வாரம் என்றால் இருபதாயிரத்துக்குக் கீழே. எனக்கு இருபத்துநான்கு நாள் பாக்கி." மருத்துவர் அதற்கு மேல் ஒன்று சேர்த்தார். நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று நாள் எண்ணிக்கை இறங்கிக்கொண்டுதான் இருக்குமாம். அந்த இடத்தில் தொடர்வது என்ற வழி எங்களுக்கு அடைபட்டது.

அப்பாவுக்கு இதயத்தில் நான்கு வருடத்துக்கு முன் வைத்த ஸ்டென்ட் இருக்கிறது, தினமும் ஆஸ்பிரின். தட்டணு குறைகிறது என்றதும் வீட்டில் யாரோ அதை மாத்திரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதைத் திரும்ப வைக்கச் சொன்னேன். 50,000-க்கு மேல் இருக்கும்போது ஸ்டென்ட் உள்ளவர் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்துவது, இல்லாத ரத்தக்கசிவுக்குப் பயந்து இருக்கும் மாரடைப்பை அழைப்பது. அந்த முடிவை இதய மருத்துவர் மட்டும்தான் எடுக்க வேண்டும்.

அளவைக் குறைப்பது

காசநோய் உலகிலிருந்து வந்த வழி இது. மற்ற மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கு லினசோலிட்டை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 109 பேரிடம் நடந்த நிக்ஸ் ஆய்வில் நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கொடுத்தார்கள். பத்தில் ஒன்பது பேர் தேறினார்கள். ஆனால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மஜ்ஜை ஒடுங்கியது. 2022-இல் வந்த ஸெனிக்ஸ் ஆய்வு அளவுக்கும் காலத்துக்கும் போட்டி வைத்துப் பார்த்தது. 26 வாரம் 1200 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 93 சதவீதம் பேர் தேறினார்கள், 22 சதவீதம் பேருக்கு மஜ்ஜைக் கோளாறு. அதே 26 வாரம் 600 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 91 சதவீதம் பேர் தேறினார்கள், மஜ்ஜைக் கோளாறு 2 சதவீதம்தான். அளவு பாதியானதில் குணம் அநேகமாகக் குறையவில்லை, கெடுதல் பெரும்பகுதி போய்விட்டது. இந்தியா 2024-இல் ஏற்றுக்கொண்ட ஆறு மாதக் கூட்டு மருந்துத் திட்டத்திலும் லினசோலிட் 600 மில்லிகிராம்தான். சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அளவைப் படிப்படியாகக் குறைக்கும் முறையை ஆராய்ந்திருக்கிறது.

காசநோய்க்காரருக்கு நான் தயங்காமல் முதலில் கேட்கச் சொல்லும் வழி இதுதான். சில நாள் லினசோலிட்டை மட்டும் நிறுத்திவைத்து, எண்ணிக்கை ஏறியதும் குறைந்த அளவில் திரும்பத் தொடங்குவதும் அங்கே நடைமுறையில் உண்டு. கூட்டில் உள்ள மற்ற மருந்துகள் காவல் காக்கும்.

ஆனால் அப்பாவின் எலும்பில் இருந்தது காசநோய்க் கிருமி அல்ல, மெதிசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டேஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. காசநோய்க் கிருமி மெதுவாகப் பெருகுவது. இது அப்படியில்லை. லினசோலிட் உடலில் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போலத்தான் ஆகும். அதனால்தான் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரவு மாத்திரையை வெட்டினால் பாதி நாள் கிருமி சுதந்திரமாக இருக்கும். ரத்தத்தில் மருந்தின் அளவை அளக்கும் வசதி இருந்தால் கதை வேறு. அடுத்த வேளைக்கு முன் எடுத்த ரத்தத்தில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டது என்று கண்டு தைரியமாகக் குறைக்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது அருமையான வழி. எங்கள் ஊரில் அந்தப் பரிசோதனை இல்லை. அளக்காமல் குறைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தையல் போடுவது போல.

மாற்றுவது, ஆனால் எதற்கு?

"மாத்திரையை மாற்றுங்கள்" என்று சொல்வது சுலபம். எதற்கு என்ற கேள்வியில்தான் அரை நாள் போயிற்று.

வான்கோமைசின் பழையது, மலிவானது, எல்லா மருந்தகத்திலும் இருக்கும். ஆனால் அப்பாவின் சிறுநீரகத்தை இன்னும் இடிக்கும். தினம் இருமுறை மெதுவாக ஏற்றும் டிரிப் வேண்டும், மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் இன்னொன்று: வான்கோமைசினே தட்டணுவை வீழ்த்தக்கூடியது. மாற்றி ஒரு வாரம் கழித்து எண்ணிக்கை மறுபடி இறங்கினால், பழைய மருந்தின் மிச்சமா, புதிய மருந்தின் வேலையா என்று யார் சொல்வது? ஒரு சந்தேகத்தைத் தீர்க்க இரண்டாவது சந்தேகத்தை வாங்குவது போல அது. டெய்கோபிளானின் என்ற ஊசி சிறுநீரகத்துக்குச் சற்று இதமானது, முதல் சில வேளைகளுக்குப் பிறகு நாளுக்கு ஒன்று போதும். தட்டணு விஷயத்தில் அதன் மீதும் புகார்கள் உண்டு.

டாப்டோமைசின் நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் செலுத்திவிடலாம். தட்டணுவோடு அதற்குப் பெரிய பகை கிடையாது. நுரையீரலின் உள்பூச்சில் செயலிழந்துவிடுவதால் நிமோனியாவுக்கு ஆகாது. எலும்புக்கு அந்தத் தடை இல்லை. தசையைத் தாக்கக்கூடியது என்பதால் வாரம் ஒருமுறை சி.பி.கே. என்ற தசை நொதியைப் பார்க்க வேண்டும். கொழுப்புக்கான ஸ்டேட்டின் மாத்திரையை அந்த நாட்களில் நிறுத்திவைக்கலாமா என்றும் கேட்க வேண்டும். ஆஸ்பிரினைத் திரும்பப் பெட்டியில் வைத்த கையாலேயே அடோர்வாஸ்டாடினை எடுத்து ஒதுக்கினேன். இதய மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகு. குறை, விலை. பத்து நாள் ஊசிக்கு ஆன தொகை அப்பாவின் ஒரு மாத ஓய்வூதியத்தைத் தாண்டியது.

டெடிசோலிட் லினசோலிட்டின் தம்பி. 2014-இல் அமெரிக்காவில் அனுமதியானது. 200 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. தோல் தொற்றுகளுக்கு ஆறு நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பத்து நாள் லினசோலிட்டைவிடத் தட்டணுவைக் குறைவாகத்தான் தொட்டது. ஆறு நாள் நல்ல பிள்ளையாக இருந்தவன் ஆறு வாரமும் இருப்பானா என்பதுதான் என் தயக்கம்.

மலிவு மாத்திரைகளைக் கடைசியில் நினைப்பது நம் வழக்கம். முதலில் நினைக்க வேண்டியவை அவை. எலும்பிலிருந்து எடுத்த கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட்டைத் தூசி தட்டிப் பார்த்தால், டாக்சிசைக்ளினுக்கும் கோட்ரைமாக்சசோலுக்கும் அந்தக் கிருமி அடங்கும் என்று இருந்தது. கோட்ரைமாக்சசோல் பொட்டாசியத்தை ஏற்றும், சிறுநீரகம் கெட்டவருக்கு அது ஆகாது, தட்டணுவையும் அது விட்டுவைப்பதில்லை. மிஞ்சியது டாக்சிசைக்ளின். எலும்புத் தொற்றுக்கு ஊசிதான் வேண்டும் என்ற பழைய நம்பிக்கையை, பிரிட்டனில் 1,054 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஓவிவா ஆய்வு அசைத்துவிட்டது. ஊசியில் 14.6 சதவீதம் தோல்வி, மாத்திரையில் 13.2. சரியான மாத்திரையாக இருந்தால் ஊசிக்கு இளைத்ததல்ல.

மருந்து நாட்களையே குறைப்பது

யாரும் எதிர்பார்க்காத வழியை அறுவை மருத்துவர் சொன்னார். "ஐயா, அந்த விரல் நுனி எலும்பை எடுத்துவிட்டால் ஆறு வாரம் தேவையே இல்லை." நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டி 2023-இல் சொல்வதும் அதுதான்: எலும்பை எடுக்காமல் மருந்தால் மட்டும் ஆற்றுவதென்றால் ஆறு வாரம். எடுத்த பிறகும் ஓரத்தில் கிருமி மிச்சமிருந்தால் மூன்று வாரம் வரை. கெட்டது முழுக்கப் போய்விட்டால் சில நாட்களே போதும். 92,000 தட்டணுவில் சிறிய அறுவையைத் தாராளமாகச் செய்யலாம். பெரிய அறுவைக்கே 50,000 போதும் என்பது வழக்கம்.

ஒப்பீட்டில் என் ஓட்டு இதற்குத்தான் விழுந்தது. தட்டணுப் பிரச்சினை, மருந்துச் செலவு, வாரம் மூன்று முறை ஊசி குத்தி ரத்தம் எடுப்பது எல்லாவற்றையும் ஒரே வெட்டில் முடிக்கும் வழி. அப்பா இரண்டு நிமிடம் பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நாற்பது வருஷம் இதை வைத்துக்கொண்டுதான் தெருத்தெருவாக ரீடிங் எடுத்தேன். தட்டணு திரும்ப வரும் என்கிறீர்கள். விரல் வருமா?" என்றார். அதற்கு எந்த ஆய்விலும் பதில் இல்லை.

ஏற்றுவது

சித்தப்பாவுக்கு இதைப் புரியவைக்கத்தான் அதிக நேரம் ஆயிற்று. ரத்தக்கசிவு இல்லாதவருக்கு, மஜ்ஜை சரியாக வேலை செய்யாத நிலையில், 10,000-க்குக் கீழே போனால் முன்னெச்சரிக்கையாக ஏற்றுவார்கள். கசிவு இருந்தால் 50,000-ஐ எல்லையாக வைத்துக்கொள்வார்கள். 92,000-இல் கசிவில்லாதவருக்கு ஏற்றுவது, நிரம்பிய குடத்தில் இன்னொரு செம்பு ஊற்றுவது. ஒரு சாதாரண யூனிட் 5,000 முதல் 10,000 வரை கூட்டும், ஒரே கொடையாளரிடம் இயந்திரத்தில் பிரித்தெடுத்த பை 30,000 முதல் 60,000 வரை கூட்டும். தட்டணுவைக் குளிர்பெட்டியில் வைக்க முடியாது. 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே, ஐந்து நாள்தான் வைத்திருக்கலாம். அதனால் கிருமி வளரும் அபாயம் மற்ற ரத்தப் பைகளைவிட இதில் அதிகம். அந்தப் பை நிஜமாகவே தேவைப்படும் ஒரு ரத்தப் புற்றுநோய்க் குழந்தை பக்கத்து வார்டில் இருக்கலாம்.

எதிர்ப்பொருளால் விழுந்த லாரி ஓட்டுநருக்கு ஏற்றினார்கள். அது சரியான முடிவு, ஏனென்றால் அவருக்குக் கசிந்துகொண்டிருந்தது. ஆனால் மறுநாள் எண்ணிக்கை வெறும் 14,000. மருந்து ரத்தத்தில் இருக்கும்வரை, ஏற்றிய தட்டணுவையும் அதே எதிர்ப்பொருள் தின்றுவிடும். ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் அவரைப் போன்றவர்களுக்குச் சில வேளை கொடுத்துப் பார்ப்பதுண்டு, ஆதாரம் மெலிதுதான். லினசோலிட் சரிவில் அவற்றுக்கு வேலையில்லை. நீரிழிவுக்காரருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரைதான் ஏறும். வைட்டமின் பி6 கொடுத்தால் தட்டணு நிற்கும் என்று ஒரு பேச்சு உண்டு. கொடுத்துப் பார்த்ததில் நம்பும்படி எதுவும் தேறவில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

பதினெட்டாம் நாள் இரவோடு லினசோலிட் நின்றது. பத்து நாள் டாப்டோமைசின், பிறகு ஆறு வாரக் கணக்கு முடியும்வரை டாக்சிசைக்ளின். பத்து நாளும் காலை எட்டு மணிக்கு ஆட்டோவில் போய் ஊசி போட்டுக்கொண்டு ஒன்பதரைக்குத் திரும்பினார். இருபதாம் நாள் எண்ணிக்கை 81,000. மருத்துவர் முன்பே சொல்லியிருந்தும் எனக்கு வயிறு கலங்கியது. அண்ணன் பேசவே இல்லை. அத்தை அடுக்களையில் மிக்சியை ஓடவிட்டார். அது பப்பாளி இலைதான் என்று எனக்குத் தெரியும். கசக்கிறது என்று அப்பா ஒரு வாயோடு வைத்துவிட்டார். இருபத்தைந்தாம் நாள் 1,38,000. முப்பத்திரண்டாம் நாள் 2,05,000. அன்று மாலை அத்தை தெருமுனைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார், இலைச்சாற்றின் மகிமையை.

எல்லாம் முடிந்த பிறகு செய்ய வேண்டிய ஒன்றைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். வெளியேற்றச் சீட்டில் 'தட்டணு குறைவு, சரியாயிற்று' என்று ஒரு வரி எழுதுவதால் பயனில்லை. எதிர்ப்பொருளால் விழுந்தவருக்கு அந்த மருந்து ஆயுளுக்கும் கூடாது. அந்த ஓட்டுநரின் சட்டைப் பையில் 'வான்கோமைசின் கூடாது' என்ற அட்டை எப்போதும் இருக்க வேண்டும், அடுத்த முறை சில மணி நேரத்தில் விழும் என்பதால். லினசோலிட்டால் சரிந்தவருக்கு அப்படி நிரந்தரத் தடை இல்லை. நாளைக்கு ஒரு நிமோனியா வந்து, உயிர் காக்க ஏழு நாள் லினசோலிட்தான் வேண்டும் என்றால் கொடுக்கலாம். 'அலர்ஜி' என்று பொத்தாம் பொதுவாக எழுதிவைத்தால் அந்த மருந்தும் கைநழுவிப் போகும்.

அப்பா தன் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு நாட்காட்டித் தாளை ஒட்டியிருக்கிறார். இந்த முறை பென்சில் இல்லை, சிவப்பு மை: 'லினசோலிட்: 10 நாளுக்கு மேல் என்றால் வாரம் இருமுறை ரீடிங் எடுக்கவும். கிரியாட்டினின் 1.9.'